விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினி: 11-க்கு மாற்றலாமா, வேண்டாமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி அன்றைக்கே நின்றுவிடவில்லை. இன்னமும் ஓடுகிறது, பில் அடிக்கிறது, வீடியோ காட்டுகிறது. அதனாலேயே பலர் முடிவைத் தள்ளிப்போடுகிறார்கள். இன்னும் சிலர் "இதுல பதினொன்னு ஏறாதுங்க, புதுசு வாங்கிடுங்க" என்று யாரோ சொன்னதை நம்பி நல்ல கணினியைக் கழித்துக் கட்டுகிறார்கள். "ஏத்தித் தரேன், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொன்னவரிடம் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து டிஜிட்டல் சிக்னேச்சர் வேலை செய்யாமல் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளில் திண்டாடுபவர்களும் இருக்கிறார்கள்.

வரிசைதான் இதில் முக்கியம். முதலில் உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து உங்கள் வேலை எந்த மென்பொருளை நம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேக்கப் அதற்குப் பிறகு. பணம் கடைசியில். இந்த வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

1. செயலியின் பெயரையும் டிஸ்கின் வகையையும் எழுதிக்கொள்ளுங்கள்

செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதற்குள் அபௌட். அங்கே ப்ராசஸர் (செயலி) என்ற வரியில் இருப்பதை எண், எழுத்து எதையும் விடாமல் அப்படியே எழுதுங்கள். அதன் கீழே ரேம் அளவு, சிஸ்டம் டைப் (64 பிட்டா 32 பிட்டா), இன்னும் கீழே விண்டோஸின் பதிப்பு ஆகியவை இருக்கும். பதிப்பு 22எச்2 என்று இருக்க வேண்டும். அதைவிடப் பழையதாக இருந்தால் முதலில் விண்டோஸ் அப்டேட் ஓட்டி 22எச்2-க்கு வந்துவிடுங்கள். 5-ஆம் படியில் சொல்லும் இஎஸ்யு திட்டத்துக்கு அது கட்டாயம்.

அடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் 0 என்பதன் அருகே எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு) அல்லது எச்டிடி (சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்) என்று காட்டும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவில் முக்கால்வாசி இந்த இரண்டு விவரத்திலேயே வந்துவிடும். விண்டோஸ் 11 ஏறுமா என்பதைச் செயலி சொல்லும். ஏறிய பிறகு உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா என்பதை டிஸ்க் சொல்லும்.

2. செயலியின் பெயரை இப்படிப் படியுங்கள்

இன்டெல் கோர் வரிசையில் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை. தலைமுறையைக் கண்டுபிடிக்க ஐ3, ஐ5, ஐ7 என்பதைப் பார்க்காதீர்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யு என்றால் 8-ஆம் தலைமுறை. ஐ5-7200யு என்றால் 7. ஐ5-10210யு போல ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டும் சேர்ந்து 10. விற்பவர்கள் "ஐ7 சார்" என்று அழுத்திச் சொல்வார்கள். 2013-இல் வந்த ஐ7-4770 வேகமான செயலிதான், ஆனால் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் இல்லை. அதைவிட மலிவான ஐ3-8100 இருக்கிறது.

ஏஎம்டி ரைசனில் ஒரு பொறி உண்டு. 2000 வரிசை ஏற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். டெஸ்க்டாப்பில் வரும் ரைசன் 5 2600-க்கு அது சரி. லேப்டாப்பில் வரும் ரைசன் 5 2500யு பட்டியலில் இல்லை, ஏனென்றால் அதன் உள்ளே இருப்பது முதல் தலைமுறை வடிவமைப்பு. 3500யு-வில் பிரச்சினை இல்லை. மலிவு லேப்டாப்களில் செலரான் என்4000, என்4020 ஏற்றவை. என்3060, என்3350 ஏற்றவை அல்ல.

பொதுவாக, 2017-க்கு முன் தயாரான கணினி பட்டியலில் இருக்காது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை எதுவும் தேறாது. அதற்காக அவை பயனற்றவை என்று அர்த்தமில்லை. 5-ஆம் படியில் வழி இருக்கிறது.

இந்தச் சோதனையை மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளும் செய்யும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். வேறு இடங்களில் அதே பெயரில் கிடைப்பது வேண்டாம். "ஏறாது" என்று அது சொன்னால் பதற வேண்டாம், காரணம் என்ன என்று படியுங்கள். செயலி காரணம் என்றால் அது முடிந்த கதை. டிபிஎம் அல்லது செக்யூர் பூட் காரணம் என்றால் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் சரியாகிவிடும்.

3. டிபிஎம் இல்லை என்று காட்டினால்

டிபிஎம் என்பது சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புச் சிப். விண்டோஸ் 11 கேட்பது அதன் 2.0 பதிப்பு. 8-ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிறகும் வந்த இன்டெல் செயலிகளிலும், பட்டியலில் உள்ள ரைசன்களிலும் இது உள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் பலவற்றில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பில்) அதை அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பயாஸைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை: கணினியில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். புதிய லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே இது இயங்கிக்கொண்டிருக்கலாம். இயங்கினால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 48 இலக்க ரெக்கவரி சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் பயாஸுக்குள் போக வேண்டும். சாவி இல்லாமல் டிபிஎம் அமைப்பை மாற்றினால் அடுத்த முறை இயக்கும்போது அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். தெரியாவிட்டால் டிஸ்கில் உள்ள அத்தனையும் போனது போனதுதான். எந்தக் கடையிலும் அதைத் திறக்க முடியாது.

பயாஸுக்குள் போக, செட்டிங்ஸில் ரெக்கவரி, அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப் வழியாக யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்கள். அல்லது இயக்கியவுடன் டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2, அசெம்பிள் கணினியில் டெலீட் விசை. இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்ட் பகுதியில் தேடுங்கள். எனேபிள் செய்து சேமித்து வெளியே வாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி பகுதியில் செக்யூரிட்டி ப்ராசஸர் விவரத்தில் 2.0 என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது.

செக்யூர் பூட், அதாவது கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி, கொஞ்சம் நுணுக்கமானது. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய முறை) என்று இருந்தால் நல்லது. லெகசி என்று இருந்தால், உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பயாஸில் நேராகப் போய் லெகசியை யுஇஎஃப்ஐ ஆக்கிவிடுவார்கள், கணினி பூட் ஆகாது. முதலில் டிஸ்கை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் பயாஸ். விண்டோஸ் 10-லேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. அதை முதலில் வேலிடேட் என்ற சோதனை முறையில் ஓட்டிப் பார்த்து, பிழை இல்லை என்றால் மட்டும் கன்வெர்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலோ லாஜிக்கல் பார்ட்டிஷன் இருந்தாலோ அது மறுத்துவிடும். சி, டி, இ, எஃப் என்று நாலைந்தாகப் பிரித்து வைப்பது நம்மூர் வழக்கம் என்பதால் இந்த மறுப்பு அடிக்கடி வரும். அப்போது எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே நல்லது.

டெஸ்க்டாப்பில் மிகப் பழைய கிராபிக்ஸ் கார்டு இருந்தால், பழைய முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம் என்ற அமைப்பை அணைத்தவுடன் திரையில் எதுவும் வராமல் போகலாம். கார்டு கெட்டுவிடவில்லை, அதற்கு யுஇஎஃப்ஐ தெரியாது. மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வரும்.

இன்னொன்று: விண்டோஸ் 11 கேட்பது செக்யூர் பூட் வசதி உள்ள கணினியைத்தான், அது இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. இருந்தாலும் இயக்கி வைப்பது நல்லது.

4. உங்கள் வேலை எதை நம்பியிருக்கிறது?

வீட்டில் படம் பார்க்கவும் பிரௌசர் திறக்கவும் மட்டும் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். கடை, அலுவலகம், டிடிபி சென்டர், இ-சேவை வேலை என்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

முதலாவது, பழைய பில்லிங் மென்பொருள். டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங் இன்றும் பல மளிகைக் கடை, மருந்துக் கடைகளில் ஓடுகிறது. அது 16 பிட் மென்பொருளாக இருந்தால் 32 பிட் விண்டோஸ் 10-இல்தான் ஓடும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் எதிலும் 16 பிட் மென்பொருள் நேரடியாக ஓடாது. மேலும் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்படியே அப்கிரேட் செய்ய முடியாது, ஃபார்மட் பண்ணித்தான் போக வேண்டும். உங்கள் கணினி 32 பிட் என்று 1-ஆம் படியில் காட்டினால், அந்தப் பில்லிங் மென்பொருளுக்கு மாற்று கிடைக்கும்வரை கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, டேலி. ஃபார்மட் செய்வதற்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் புதிய நிறுவலில் மறுபடி ஆக்டிவேட் செய்ய உதவி மையத்தோடு அலைய நேரிடும்.

மூன்றாவது, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், விரல்ரேகைக் கருவி, ஸ்கேனர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஒவ்வொன்றின் மாடலையும் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் விண்டோஸ் 11-க்கான டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். "விண்டோஸ் 10 டிரைவரே ஓடும்" என்பது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அந்தப் பெரும்பாலுமை நம்பி ரிட்டர்ன் தாக்கல் வாரத்தில் இறங்கக் கூடாது. டாங்கிள் செருகினால்தான் திறக்கும் மென்பொருள்களுக்கும் இதே சோதனை.

நான்காவது, தமிழ் எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், அதாவது பாமினி, வானவில், டாம், டாப் போன்றவற்றில், அடித்து வைத்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் இருக்கிறது. அதிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். இதைப் பேக்கப் மென்பொருள்கள் பெரும்பாலும் எடுக்காது, சர்வீஸ் கடையிலும் கேட்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையும் வழக்குக் கட்டுகளும் பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் டிடிபி கடைக்கு இதுதான் மிகப் பெரிய இழப்பாக முடியும். பேஜ்மேக்கர் 7 போன்ற 2001-ஆம் ஆண்டு மென்பொருளில் வேலை செய்பவர்கள், அதை வேறொரு விண்டோஸ் 11 கணினியில் நிறுவி ஒரு பக்கம் அச்சடித்துப் பார்க்காமல் மாற வேண்டாம்.

யூனிகோடில் அடிப்பவர்களுக்குக் கவலையில்லை. விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன.

5. முடிவு

செயலி பட்டியலில் இருக்கிறது, எஸ்எஸ்டி இருக்கிறது, ரேம் 8 ஜிபி, 4-ஆம் படியில் தடை எதுவும் இல்லை: தயங்காமல் மாறுங்கள். தாமதிப்பதில் எந்த லாபமும் இல்லை.

செயலி தேறுகிறது, ஆனால் ஹார்ட் டிஸ்க் பழைய எச்டிடி: முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், பிறகு மாறுங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை விண்டோஸ் ஒரே நேரத்தில் கேட்கும்போது, ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்பது இதனால்தான். ரேமை ஏற்றினாலும் இது சரியாகாது. இருப்பது ஒரு செலவுக்குத்தான் பணம் என்றால் எஸ்எஸ்டியே.

செயலி தேறுகிறது, ஆனால் செலரான் என்4020, போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு: விதிப்படி ஏறும். எங்கள் கருத்தில் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் இடம் போதாமல் நிற்கும், எதையும் கூட்டவும் முடியாது. இந்தக் கணினிக்கு லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) நல்லது.

செயலி 6 அல்லது 7-ஆம் தலைமுறை, எஸ்எஸ்டி, 8 ஜிபி: நல்ல கணினி, பட்டியலில் இல்லாததுதான் குறை. இதற்கு இஎஸ்யு என்ற நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேருங்கள். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சேர மூன்று வழி: விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒத்திசைத்தால் இலவசம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம், அல்லது ஒருமுறை 30 டாலர், அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம். ஒரு கணக்கில் பத்துக் கணினிகள்வரை சேர்க்கலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் என்ரோல் நௌ என்ற இணைப்பு தெரியும். தெரியாவிட்டால் நிலுவையில் உள்ள அப்டேட் எல்லாவற்றையும் போட்டு, நிர்வாகி கணக்கில் நுழைந்து பாருங்கள். இலவச வழியில் ஒரு பொறி: ஒன்டிரைவ் இலவசமாகக் கொடுப்பது 5 ஜிபிதான். படங்களையும் டாக்குமென்டுகளையும் சேர்த்து ஒத்திசைத்தால் அது நிரம்பிவிடும், உடனே இடம் வாங்கச் சொல்லும். கோப்புறைகளை அணைத்துவிட்டு செட்டிங்ஸை மட்டும் விடுங்கள், அதுவே போதும்.

அலுவலக டொமைனில் இணைத்த கணினிகளுக்கு இந்த வீட்டுத் திட்டம் கிடையாது. அவற்றுக்கு முதல் ஆண்டே கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு.

"டிஃபெண்டர் இன்னும் அப்டேட் ஆகிறதே, பிறகு எதற்கு இஎஸ்யு?" என்று கேட்பவர்களுக்கு: டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்பது உண்மை. அது தெரிந்த வைரஸைப் பிடிக்கும். விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை அடைக்காது. இரண்டும் வேறு.

செயலி அதைவிடப் பழையது, ரேம் 4 ஜிபி: லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பாருங்கள். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் சௌகரியம். 2029 வரை அப்டேட் உண்டு. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதில் பெரிய வசதி. அப்படி ஓட்டும்போது வைஃபை, ஒலி, பிரிண்டர், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, தமிழ் தட்டச்சு ஆகிய ஐந்தையும் பாருங்கள். ஐந்தும் சரியென்றால் நிறுவலாம். டேலி இதில் ஓடாது. டிஜிட்டல் சிக்னேச்சர் வேலையும் விண்டோஸில்தான் நிம்மதி.

எந்த வழியும் ஒத்துவராத பில்லிங் கணினிக்கு ஒரு வழி மிச்சம்: நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்து, விண்டோஸ் 10-லேயே ஓட்டுங்கள். தாக்கலை வேறு கணினியில் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே போய்வரும் பென் டிரைவை வேறு எங்கும் செருகக் கூடாது, ஏனென்றால் இனி அந்தக் கணினிக்கு வைரஸ் வரும் ஒரே வாசல் அதுதான்.

பட்டியலில் இல்லாத கணினியிலும் ரூஃபஸ் போன்ற கருவியால் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்ற முடியும். கடைகளில் "ஏத்தித் தரேன்" என்பது பெரும்பாலும் இதுதான். இப்போது ஓடும். ஆனால் இப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஹோம், ப்ரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 24 மாதம்தான். அடுத்த பதிப்புக்குப் போக மறுபடி இதே வேலையைக் கையால் செய்ய வேண்டும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, சில புதிய கட்டளைகள் இல்லாத கோர் 2 டியோ போன்ற செயலிகளில் பூட் ஆவதையே நிறுத்திவிட்டது. பொழுதுபோக்குக் கணினியில் செய்து பாருங்கள். கணக்கு வழக்கு, வங்கி வேலை நடக்கும் கணினியில் செய்யாதீர்கள். கடைக்காரரிடம் "செயலி பட்டியலில் இருக்கிறதா, தாண்டி ஏற்றுகிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

6. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும். விண்டோஸ் 11 ஹோமைப் புதிதாக நிறுவும்போது இணைய இணைப்பும் இந்தக் கணக்கும் கேட்கும். கணக்குக்குக் கொடுத்த செல்பேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஓடிபி அங்கேதான் வரும்.

ஆக்டிவேஷன் பக்கத்தின் படம். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் 11-க்கு மாறுவது இலவசம்; எஸ்எஸ்டி மாற்றினாலும் அந்த லைசென்ஸ் போகாது, மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல். வீட்டுக் கணினியில் "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தால், விற்றவர் போலியாக ஆக்டிவேட் செய்து கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணினிக்கு இலவச மாற்றம் பொருந்தாது. விண்டோஸ் 7, 8 சாவிகளை வைத்து இலவசமாக ஏறும் வழியையும் 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

பிட்லாக்கர் சாவி, டேலி சீரியல் எண், மற்ற மென்பொருள்களின் சாவிகள், டோக்கன் பின் எண், வைஃபை பாஸ்வேர்டு. இவற்றைக் கணினியில் அல்லாமல் காகிதத்தில் வையுங்கள்.

பேக்கப் என்பது வெளி ஹார்ட் டிஸ்கில். சி டிரைவில் இருந்து டி டிரைவுக்கு நகல் எடுப்பது பேக்கப் ஆகாது; இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்கில்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மின்னஞ்சல் கோப்பு, டேலி டேட்டா கோப்புறை ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகும். எடுத்த பிறகு வெளி டிஸ்கை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

7. செலவு

அசல் விண்டோஸ் 10 இருந்தால் விண்டோஸ் 11-க்கு ஒன்றுமில்லை. அசல் இல்லாவிட்டால் ஹோம் பதிப்பின் அமெரிக்கச் சில்லறை விலை 139 டாலர். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்குக் கொடுத்த மொத்த லைசென்ஸிலிருந்து பிரித்து விற்பவை. எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். வாங்காதீர்கள்.

ரேம், எஸ்எஸ்டி விலை 2025 கடைசியிலிருந்து நன்றாக ஏறியிருக்கிறது. பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி சாதாரண வேலைக்குப் போதும். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். எம்.2 துளை இருந்தால், அது சாட்டாவா என்விஎம்இயா என்று மாடலின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள்; சில துளைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். ரேம் வாங்குமுன் டிடிஆர்3எல்லா டிடிஆர்4-ஆ என்று பாருங்கள். டிடிஆர்3 கேட்கும் கணினி என்றால் அதன் செயலி பட்டியலில் இருக்காது என்பது கிட்டத்தட்ட நிச்சயம். விண்டோஸ் 11-ஐ மனத்தில் வைத்து அதற்கு ரேம் வாங்குவது வீண்.

எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, கூலி எல்லாம் சேர்ந்து, நிறுவனங்கள் கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால், அதையே வாங்குவது மேல். திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490, எலைட்புக் 840 ஜி5 போன்றவை நல்ல தேர்வு. இதே மாடல்களில் 7-ஆம் தலைமுறைச் செயலியோடும் சில வந்திருக்கின்றன. மாடல் பெயரை நம்பாமல் இயக்கிப் பார்த்து, 2-ஆம் படியில் சொன்ன எண்ணைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

8. மாற்றும் நாள்

மாதக் கடைசி, ரிட்டர்ன் வாரம், பிள்ளைகளின் தேர்வு நேரம் வேண்டாம். எஸ்எஸ்டியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும், எச்டிடியில் அரை நாள்கூட ஆகலாம். பதிவிறக்கம் பல ஜிபி; செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் தினம் ஒன்றரை ஜிபி கிடைக்கும் பிளானில் இது நடக்காது. சி டிரைவில் குறைந்தது 30 ஜிபி காலியாக வையுங்கள்.

டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வேண்டும். அறிவிக்கப்பட்ட மின்தடை நாளைத் தவிருங்கள். பாதியில் மின்சாரம் போனால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஆனால் பயாஸ் அப்டேட் நடக்கும்போது போனால் மதர்போர்டே போகலாம்.

தனியாக வாங்கிய ஆன்டிவைரஸை நீக்குங்கள். பிரிண்டர், பென் டிரைவ், டோக்கன் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். வைஃபை டிரைவரை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள், மாறிய பிறகு நெட் இல்லாமல் டிரைவர் தேட முடியாது. முதலில் விண்டோஸ் அப்டேட்டில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலுள்ள இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட். எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் கோப்புகள், மென்பொருள்கள் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். சதவீதம் ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

9. அடுத்த பத்து நாள்

பிடிக்கவில்லை என்றால் விண்டோஸ் 10-க்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் உண்டு: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக். அந்தப் பத்து நாளில் "முந்தைய விண்டோஸ் நிறுவல்" என்று காட்டும் இருபது முப்பது ஜிபியை இடம் பிடிக்கிறது என்று அழித்துவிடாதீர்கள், அழித்தால் திரும்பும் வழி போய்விடும். புதிய பயனர் கணக்கும் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். சேர்த்திருந்தால் திரும்புமுன் அதை நீக்கச் சொல்லும்.

முதல் இரண்டு நாளிலேயே டோக்கனைச் செருகி ஓர் ஆவணத்தில் கையொப்பமிடுங்கள். ஒரு பில் அடியுங்கள். ஸ்கேன் செய்யுங்கள். பழைய எழுத்துருவில் உள்ள கோப்பைத் திறந்து அச்சடியுங்கள். டேலியில் ஒரு பதிவு போட்டு பேக்கப் எடுங்கள். ஏதாவது ஒன்று தவறி, இரண்டு நாளில் டிரைவர் கிடைக்காவிட்டால், ஒன்பதாம் நாள்வரை காத்திருக்காமல் திரும்பிவிடுங்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஒரு மாதமாவது ஃபார்மட் செய்யாமல் வையுங்கள்.

இஎஸ்யுவில் சேர்ந்தவர்கள் 2026 ஆகஸ்ட்டிலேயே இந்தப் பட்டியலை மறுபடி எடுத்து 5-ஆம் படியிலிருந்து பாருங்கள். அக்டோபர் 13 நெருங்கும்போது சர்வீஸ் கடைகளில் கூட்டம் சேரும். லினக்ஸை ஓட்டிப் பழகவும், ரீஃபர்பிஷ்டு கணினியை நிதானமாகத் தேடவும் இரண்டு மாதம் வேண்டும்.